ரோகிணிக்கு நேர் தெற்கே ஒரு சிறுவலை



சில ஆண்டுகளுக்கு முன்பு நம் ஆலயத்தில் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. செயலவை உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த பஞ்சாங்கத்தில் அம்மாதச் சஷ்டி ஒரு நாளிலும், மற்றொருவர் கொண்டுவந்ததில் அதற்கு மறுநாளிலும் இருந்தன. ஒன்று வாக்கியப் பஞ்சாங்கம். மற்றொன்று திருக்கணிதப் பஞ்சாங்கம். இரு தரப்பும் விட்டுக் கொடுக்கவில்லை. மாதந்தோறும் சஷ்டி விரதம் இருக்கும் மூதாட்டி ஒருவர் கூட்டம் முடியும் வரை வாசலில் காத்திருந்து என்னைக் கேட்டார்: "வாத்தியாரய்யா, நான் எந்த நாள் பட்டினி கிடந்தா முருகன் கணக்குல வைப்பான்?"

அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதன் பின்னர் பஞ்சாங்க வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு பெயர் கண்ணில் பட்டது. சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் என்பது அப்பெயர். திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்காகப் பாடுபட்டவர் அவர். தென்வானத்தில் மங்கலாகத் தெரியும் ஒரு சிறு நட்சத்திரக் கூட்டத்தில் 1867-ஆம் ஆண்டு ஓர் ஒளிமாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே. அந்த நட்சத்திரக் கூட்டம் அவர் வாழ்ந்த சென்னையைக் காட்டிலும் நம் தெப்ராவிலிருந்து நன்றாகத் தெரியக் கூடியது. ஆயினும் நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? இவ்வாண்டு மலரில் அதைப் பற்றி எழுதுவது பொருத்தம் என்று கருதுகிறேன்.

சிறுவலை என்னும் நட்சத்திரக் கூட்டம்

வானம் முழுவதையும் இன்றைய விஞ்ஞானிகள் 88 நட்சத்திரக் கூட்டங்களாகப் பகுத்துள்ளனர். மேஷம், ரிஷபம் முதலிய பன்னிரண்டு ராசிகளும் இவற்றில் அடங்கும். தென்கோடியில் உள்ளவற்றில் ஒன்றுக்கு இலத்தீன் மொழியில் 'ரெட்டிகுலம்' என்று பெயர். தமிழில் 'சிறுவலை' எனலாம். பரப்பளவில் 88-இல் இது 82-ஆவது இடத்தில் இருக்கிறது. அவ்வளவு சிறியது.

இப்பெயரைச் சூட்டியவர் நிக்கோலா லூயி தெ லகாய் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். 1751-ஆம் ஆண்டு முதல் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள நன்னம்பிக்கை முனையில் தங்கி, ஏறத்தாழப் பத்தாயிரம் தென்வான நட்சத்திரங்களின் இருப்பிடங்களை அளந்தவர் அவர். ஐரோப்பாவிலிருந்து காண முடியாத வானம் அது. ஆகவே பெயரிடப்படாத இடங்கள் நிறைய இருந்தன. பதினான்கு புதிய கூட்டங்களை அவர் அமைத்தார். அவற்றிற்கு வீரர்களின் பெயரையோ விலங்குகளின் பெயரையோ வைக்காமல், தொலைநோக்கி, நுண்ணோக்கி, கடிகாரம் என்று பெரும்பாலும் கருவிகளின் பெயர்களையே சூட்டினார். சிறுவலையும் ஒரு கருவிதான். நட்சத்திரம் எந்த வினாடியில் எந்த இடத்தைக் கடக்கிறது என்று அளப்பதற்காகத் தொலைநோக்கியின் கண்பகுதியில் மெல்லிய இழைகளைக் கட்டியிருப்பார்கள். சாய்சதுர வடிவில் அமைந்த அந்த இழைச்சட்டமே லகாய் கருதிய வலை. நம் வீட்டுப் பெண்மணிகள் கோலத்திற்குப் புள்ளி வைத்துக்கொள்வது போல, வானத்தை அளக்க வைத்துக்கொண்ட கோடுகள் என்று நினைத்துக் கொள்ளலாம்.

இக்கூட்டத்தின் முக்கிய நட்சத்திரங்கள் நான்கும் சேர்ந்து ஒரு சிறு சாய்சதுரமாகவே தோன்றுகின்றன. அவற்றுள் மிகவும் ஒளியுடையது ஆல்பா. அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 160 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவே ஓர் ஒளியாண்டு. அது சுமார் 9.5 இலட்சம் கோடி கிலோமீட்டர் ஆகும். ஆகவே இன்றிரவு நம் கண்ணில் படும் ஆல்பாவின் ஒளி, இரகுநாதாச்சாரியார் சென்னையில் தொலைநோக்கியருகே அமர்ந்திருந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட ஒளியாகும்!

சென்னையில் ஒரு வானாய்வகம்

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகக் கட்டடத்தை எழுப்பினர். கடலில் செல்லும் கப்பல்கள் திசையும் இடமும் அறிவதற்கும், நிலங்களை அளந்து வரைபடம் எழுதுவதற்கும் நட்சத்திரக் கணக்கு தேவைப்பட்டது. தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் எழுத்துப் பொறித்த அவ்வானாய்வகத்தின் கருங்கல் தூண், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு நிலைய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. வானாய்வுப் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. பெங்களூரில் தலைமையிடம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அந்தப் பரம்பரையில் வந்ததே. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986-ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியும் அந்நிறுவனத்தினுடையதே.

இரகுநாதாச்சாரியார் இளம் வயதிலேயே இந்த வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பஞ்சாங்கம் கணிப்பதில் பழக்கமுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். கீழ்நிலைப் பணியில் தொடங்கிய அவர், தம் உழைப்பால் தலைமை உதவியாளர் பதவி வரை உயர்ந்தார். 1861-இல் நார்மன் ராபர்ட் போக்சன் என்னும் ஆங்கிலேயர் அங்கு அரசாங்க வானியலாளராகப் பொறுப்பேற்றார். நட்சத்திரங்களின் ஒளியை அளப்பதற்கு இன்றும் உலகம் முழுவதும் வழங்கும் அளவுகோலை 1856-இல் வகுத்தவர் இவரே.

அந்த அளவுகோலைச் சற்று விளக்க வேண்டும். பழங்காலக் கிரேக்கர் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும் நட்சத்திரங்களை முதல் தரம் என்றும், மங்கலாகத் தெரிபவற்றை ஆறாம் தரம் என்றும் பிரித்தனர். தரத்தின் எண் கூடக் கூட ஒளி குறையும். ஐந்து தர வேறுபாடு என்பது சரியாக நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்று போக்சன் வரையறுத்தார். அதாவது ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வெறுங்கண்ணால் ஆறாம் தரம் வரை மட்டுமே காணலாம். சிறுவலையின் ஆல்பா 3.3 தரம், பீட்டா 3.8 தரம்; ஏனையவை நான்கரையை ஒட்டியவை. ஆகவேதான் இதை மங்கலான கூட்டம் என்கிறோம்.

காணாமற்போன நட்சத்திரம்

வானாய்வகத்தின் முக்கியப் பணி நட்சத்திரங்களைப் பட்டியலிடுவது. வடக்கு தெற்காக மட்டும் அசையக்கூடிய ஒரு தொலைநோக்கி அங்கே இருந்தது. ஒரு நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது, கண்பகுதியில் கட்டிய இழைகளை அது ஒவ்வொன்றாகக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத் துடிப்போடு ஒப்பிட்டு எழுத வேண்டும். இரவுக்கு இரவு, ஆண்டுக்கு ஆண்டு இதே வேலை. நம் தோட்டங்களில் மரம் சீவியவர்களுக்குத் தெரியும்: ஒரே வேலையைப் பொறுமையாக நாள்தோறும் செய்பவனுக்குத்தான் ஒரு மரத்தின் பால் குறைந்ததும் கூடியதும் கண்ணுக்குப் புலப்படும்.

அப்படித்தான் இதுவும் புலப்பட்டது. சிறுவலையில் ஒரு நட்சத்திரம் முன்பு கண்ட ஒளியோடு இப்போது இல்லை என்பதை 1867-இல் இரகுநாதாச்சாரியார் உணர்ந்தார். அது ஒளிமாறும் நட்சத்திரம் என்று உறுதியானது. 'ஆர் ரெட்டிகுலி' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டத்திலும் முதலில் கண்டறியப்படும் ஒளிமாறும் நட்சத்திரத்திற்கு 'ஆர்' என்னும் எழுத்தையும், அடுத்ததற்கு 'எஸ்' என்னும் எழுத்தையும் இடுவது வழக்கம். ஆகவே இந்த 'ஆர்' என்ற ஓர் எழுத்தே, சிறுவலையில் இவர்தாம் முதல்வர் என்பதற்குச் சான்றாக நிற்கிறது. நவீனத் தொலைநோக்கியைக் கொண்டு இந்தியர் ஒருவர் செய்த முதற் கண்டுபிடிப்பு என்று வரலாற்றாசிரியர்கள் இதனைப் போற்றுகின்றனர்.

வாழ்நாளெல்லாம் இழைகளுக்கிடையே நட்சத்திரங்களை நோக்கியிருந்த ஒருவருக்கு, அந்த இழைச்சட்டத்தின் பெயரையே தாங்கிய கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் கிடைத்ததை என்னென்பது! 1872-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர் என்பர்.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண்பதற்கு அவர் இன்றைய தெலுங்கானாவிலுள்ள வனபர்த்திக்கு ஒரு குழுவோடு சென்றார். அதே கிரகணம் நம் தீபகற்பத்தின் வடபகுதியிலும் தெரிந்தது. சயாம் மன்னர் மோங்குட் தாமே கணித்து, வாக்கோ என்னும் கடற்கரைக் கிராமத்தில் முகாமிட்டு அதனைக் கண்டார். சிங்கப்பூரிலிருந்து ஆங்கிலேய ஆளுநரும் அழைக்கப்பட்டுச் சென்றிருந்தார். வானம் நாடுகளின் எல்லையை அறியாது அல்லவா!

ஒளி ஏன் மாறுகிறது?

ஆர் ரெட்டிகுலி மிகுந்த ஒளியோடு இருக்கும்போது ஏறத்தாழ 6.5 தரம், மங்கும்போது 14-ஆம் தரம். போக்சன் கணக்குப்படி இது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு. கூடி, குறைந்து, மீண்டும் கூடச் சுமார் 280 நாட்கள் ஆகின்றன.

இவ்வகை நட்சத்திரங்களை 'மீரா' வகை என்பர். 1596-இல் தாவித் ஃபப்ரிசியஸ் என்னும் ஜெர்மானியர் கண்ட ஒரு நட்சத்திரத்தின் பெயர் அது. 'வியப்புக்குரியது' என்று பொருள். இவை முதுமை எய்திய நட்சத்திரங்கள். மையத்தில் எரிபொருள் குறைந்ததும் வெளிப்பகுதி ஊதிப் பெருத்து, நம் சூரியனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அகன்று, சிவந்து விடுகின்றன. அந்நிலையில் அவை மூச்சு விடுவது போல விரிந்து சுருங்குகின்றன. விரியும்போது மேற்பரப்பு குளிர்கிறது. அங்கே டைட்டானியம் ஆக்சைடு போன்ற சேர்மங்கள் உண்டாகிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திரைபோல மறைத்து விடுகின்றன. சுருங்கி வெப்பம் கூடும்போது திரை விலகுகிறது. ஆகவே நட்சத்திரம் வெளியிடும் மொத்த ஆற்றல் ஆயிரம் மடங்கு குறைவதில்லை. நம் கண்ணுக்கு எட்டும் ஒளிதான் அவ்வளவு குறைகிறது.

இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் நம் சூரியனும் இப்படித்தான் சிவந்து பெருக்கும். சிறுவலையில் நாம் காண்பது சூரிய பகவானின் முதுமைக் கோலத்திற்கு ஒரு முன்காட்சி.

அக்கூட்டத்திலேயே நம் சூரியனுக்கு உடன்பிறப்புப் போன்ற நட்சத்திரங்களும் உண்டு. 'சீட்டா' என்பது வெறுங்கண்ணுக்கே இரண்டாகப் பிரிந்து தெரியக்கூடிய இரட்டை நட்சத்திரம். இரண்டும் சூரியனைப் பெரிதும் ஒத்தவை. 39 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளவை. 'எப்சிலான்' என்னும் நட்சத்திரத்தைச் சுற்றி வியாழனைக் காட்டிலும் பெரிய கோள் ஒன்று இருப்பதை 2000-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

நட்சத்திரங்களுக்கு அப்பால்

இதுவரை சொன்ன நட்சத்திரங்கள் யாவும் நாம் வாழும் பால்வீதியைச் சேர்ந்தவை. பால்வீதி போன்ற வேறு பெரும் விண்மீன் திரள்களும் சிறுவலையின் திசையில், ஆனால் அதற்கு வெகு தொலைவுக்கு அப்பால், காணப்படுகின்றன. ஒவ்வொரு திரளிலும் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் உண்டு.

என்.ஜி.சி. 1313 என்று பட்டியலிடப்பட்ட திரள் அவற்றுள் ஒன்று. ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் என்பவர் 1826-இல் இதனைக் கண்டார். சுமார் ஒன்றரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒழுங்கான சுருளாக இல்லாமல் அலங்கோலமாக இருப்பதால் 'தலைகீழ்த் திரள்' என்னும் பட்டப்பெயரும் அதற்குண்டு. புதிய நட்சத்திரங்கள் அங்கே மிகுதியாகப் பிறந்து கொண்டிருக்கின்றன.

இரண்டாவது, என்.ஜி.சி. 1559. ஆல்பா நட்சத்திரத்திற்கு வெகு அருகில், ஏறத்தாழ ஒரு நிலவின் அகலத்தளவு தள்ளி உள்ளது. தொலைவோ ஏறத்தாழ ஆறு கோடி ஒளியாண்டு! இதில் 2005-ஆம் ஆண்டு ஒரு நட்சத்திரம் வெடித்து ஒளிர்ந்தது. அந்தத் திரளுக்குள்ளும் மீரா வகை நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கண்டறிந்து, அவற்றின் ஒளி ஏறி இறங்கும் காலத்தை அளந்து, ஆய்வாளர் குழு ஒன்று 2020-இல் முடிவுகளை வெளியிட்டது.

எதற்காக? மீரா நட்சத்திரம் விரிந்து சுருங்கும் காலம் நீண்டதாக இருந்தால், அதன் உண்மையான ஒளி மிகுதியாக இருக்கும். உண்மையான ஒளி தெரிந்துவிட்டால், நமக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டு அதன் தொலைவை அறியலாம். தூரத்தில் வரும் மோட்டார் வண்டியின் விளக்கைப் பார்த்துத் தொலைவை மதிப்பிடுவது போல என்று சொல்லலாம். அத்தகைய தொலைவுகளைக் கொண்டு பிரபஞ்சம் எவ்வளவு விரைவாக விரிகிறது என்று கணக்கிடுகின்றனர்.

இங்கேதான் எனக்கு நம் செயலவைக் கூட்டம் நினைவுக்கு வந்தது. பிரபஞ்ச விரிவின் வேகத்தை அளக்க இன்று இரண்டு பெரிய வழிகள் உள்ளன. பிரபஞ்சத்தின் தொடக்க காலத்து ஒளியிலிருந்து கணித்தால், ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் வினாடிக்குச் சுமார் 67 கிலோமீட்டர் என்று விடை வருகிறது. நட்சத்திரங்களை நேரே பார்த்து அளந்தால் சுமார் 73 என்று வருகிறது. என்.ஜி.சி. 1559-இன் மீரா நட்சத்திரங்களும் 73 என்ற பக்கமே பேசின. உலகத்தின் தலைசிறந்த விஞ்ஞானிகளிடமும் இரண்டு பஞ்சாங்கம் இருக்கிறது! அவர்கள் அதற்காகச் சண்டையிடாமல், மேலும் மேலும் வானத்தைப் பார்த்து அளந்து கொண்டிருக்கிறார்கள்.

நம் தெப்ராவிலிருந்து எப்படிக் காண்பது?

நாம் பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறோம். சென்னை 13 பாகை வடக்கே உள்ளது. இதனால் ஆர் ரெட்டிகுலி சென்னையில் அடிவானத்திலிருந்து 14 பாகை உயரத்திற்கு மட்டுமே வரும். நமக்கு 25 பாகைக்கு மேல் ஏறும். கையை நீட்டி மூடிய முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. சென்னைக்கு ஒன்றரை முட்டி, நமக்கு இரண்டரை முட்டி. அடிவானத்தை ஒட்டிய ஒளி தடித்த காற்றைக் கடந்து வர வேண்டியிருப்பதால் மங்கும். இரகுநாதாச்சாரியார் எவ்வளவு பாதகமான இடத்திலிருந்து இதனைக் கண்டார் என்பதை இதிலிருந்து அறியலாம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ரோகிணி நட்சத்திரம் உச்சியைக் கடக்கும் வேளையில் தெற்கே திரும்பி நில்லுங்கள். இடப்புறம், தென்கிழக்கில் மிகப் பிரகாசமாகத் தெரிவது அகத்திய நட்சத்திரம். பொதியில் முனிவனின் பெயரால் பரிபாடலில் குறிக்கப்பெற்றது இதுவே. வலப்புறம், தென்மேற்கில் பிரகாசமாகத் தெரிவது 'அக்கர்னார்'. இரண்டுக்கும் இடையே நான்கு முட்டித் தூரம். அதன் சரியான நடுவில் இருப்பதுதான் சிறுவலை. ஆர் ரெட்டிகுலி ரோகிணிக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, ஆல்பாவிலிருந்து கிழக்கே இரண்டு பாகை தள்ளி உள்ளது.

காலம்? தை மாத முற்பகுதியில் இரவு 9 மணி முதல் 10 மணிக்குள் அது தெற்கே உச்சம் அடையும். தைப்பூசத்தன்று முழு நிலவு இருப்பதால் மங்கலான நட்சத்திரங்கள் தெரியா. பூசம் கழிந்து ஒரு வாரம் பொறுத்தால் முன்னிரவு இருட்டாகிவிடும். அதைவிடச் சிறந்த நாள் மகா சிவராத்திரி. அது தேய்பிறைச் சதுர்த்தசி, நிலவு கிடையாது. அன்று முதல் யாமத்தில், இரவு எட்டரை மணியளவில், தெற்கிலிருந்து சற்றே மேற்கே சாய்ந்து, இரண்டு முட்டி உயரத்தில் சிறுவலை நிற்கும். அந்நாட்களில் மழையும் ஓரளவு குறைந்திருக்கும். விடியலில் எழுபவர்கள் புரட்டாசி மாதத்தில் காலை ஐந்து மணிக்கே இதைக் காணலாம்.

சாதாரண இருகண் நோக்கி போதும்: சாய்சதுரமும், சீட்டாவின் இரட்டையும், உச்ச ஒளியில் இருக்கும்போது ஆர் ரெட்டிகுலியும் தெரியும். விண்மீன் திரள்களைக் காண ஆறு முதல் எட்டு அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியும் நல்ல இருட்டும் வேண்டும். படங்களில் வருவது போல வண்ணமாக இராது. புகைத் துளி போலத்தான் தெரியும். ஆனால் அந்தப் புகைத்துளி கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்து நம் கண்ணுக்குள் வந்து சேர்ந்த ஒளி என்று உணரும்போது கைகள் தாமாகக் குவியும்.

ஒரு தடை உண்டு. நமக்குத் தெற்கே ஜொகூர் பாரு நகரமும், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரும் இரவெல்லாம் ஒளிர்கின்றன. சிறுவலையோ அதே தெற்கில். தோட்டங்கள் இருந்த நாளில், இரவில் ஜெனரேட்டர் நின்றதும் லயத்து வாசலிலிருந்தே பால்வீதியைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். பெரட்டுக்குப் புறப்படும் முன் வானத்தைப் பார்த்தே மணி சொன்ன பெரியவர்களை நான் அறிவேன். இன்று அதே இடத்தில் வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்குப் பத்து நட்சத்திரம் கூடத் தெரிவதில்லை. இயன்றவர்கள் கோத்தா திங்கிக்கு அப்பாலோ மெர்சிங் பக்கமோ பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட வேண்டுகிறேன்.

கண்ணால் கண்ட கணக்கு

இரகுநாதாச்சாரியார் தம் கண்டுபிடிப்போடு நின்றுவிடவில்லை. பழைய வாக்கியங்களைக் கொண்டு கணித்த பஞ்சாங்கத்தில் கிரகண நேரமும் திதி நேரமும் வானத்தோடு ஒவ்வாமல் போவதை அவர் நாள்தோறும் கண்டவர். திதி என்பது நிலவு சூரியனை விட்டு 12 பாகை விலகிச் செல்ல எடுக்கும் காலம். அது வானத்தில் நிகழ்வது. ஆகவே வானத்தைப் பார்த்தே திருத்தப்பட வேண்டும் என்றார். 'திருக்' என்றால் பார்வை. 'திருக்கணிதம்' என்பது கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் கணிதம். அக்கொள்கையில் அவர் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874-ஆம் ஆண்டு டிசம்பரில் சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்து சென்றபோது, பொதுமக்கள் அச்சமின்றி விளங்கிக் கொள்ளும் பொருட்டு ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறு நூல் எழுதி வெளியிட்டார். 1880 பிப்ரவரி 5-ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் சாத்திரத்தை வெறுத்தவர் அல்லர். வாக்கியங்களை இயற்றிய முன்னோரும் ஒரு காலத்தில் வானத்தைப் பார்த்தே எழுதினார்கள். நாம் பார்ப்பதை நிறுத்தியதுதான் பிழை. வாக்கிய முறையைப் பின்பற்றும் ஆலயங்கள் பல உள்ளன. அது அவரவர் மரபு. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் எந்த மரபைப் பின்பற்றினாலும், நிலவு எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தை நாம் இழந்துவிடக் கூடாது.

அந்த மூதாட்டிக்கு இன்று நான் இப்படிச் சொல்வேன்: "அம்மா, எந்த நாளில் இருந்தாலும் உங்கள் விரதத்தை முருகன் ஏற்றுக்கொள்வான். சஷ்டி எப்போது என்பதை மட்டும் நாம் நிலவைக் கேட்டுத் தெரிந்து கொள்வோம்."

இறுதியாக, செயலவையினருக்கும் நன்கொடையாளப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். வருகின்ற மகா சிவராத்திரியன்று முதல் யாம பூஜை முடிந்தபின், கருவறைத் தீபங்கள் நீங்கலாக, ஆலய வெளிப்புறத்து மின்விளக்குகளை அரை மணி நேரம் அணைத்து வைப்போம். நல்ல இருகண் நோக்கிகள் இரண்டை யாரேனும் உபயமாக வழங்கினால், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அகத்தியரையும், அவருக்கும் அக்கர்னாருக்கும் நடுவிலுள்ள சிறுவலையையும் நானே காட்டுகிறேன். அன்னதானத்திற்கு அள்ளிக் கொடுக்கும் கைகள் இதற்கும் கொடுக்கும் என்ற நம்பிக்கை எனக்குண்டு.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக!